முறைச் சீட்டில் அப்பா பெயர்

எங்கள் சங்கம் என் அப்பாவின் பெயரைச் சொல்லி இரண்டு முறை கோடித்துணி போர்த்தியிருக்கிறது. முதல் முறை அவர் இறந்தபோது. இரண்டாவது முறை, முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, என் அம்மா இறந்தபோது. அன்றைக்குத் துணிக்கு அடியில் கிடந்தது அம்மா. வாசித்த பெயர் அப்பாவுடையது. சுற்றி நின்ற ஆண்கள் அத்தனை பேரும் அதற்குப் பதில் குரல் கொடுத்தார்கள். அப்போது எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

திருத்தங்கலில் எங்கள் தெருவும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களும் சேர்ந்ததுதான் சங்கம். பெரிய ஆட்களின் சங்கம் இல்லை. விருதுநகர் வியாபாரிகள் அந்தக் காலத்திலேயே மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். வருகிற மூட்டையிலும் போகிற மூட்டையிலும் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கி, அதில் பள்ளிக்கூடம் கட்டினார்கள், திருவிழா நடத்தினார்கள், நொடித்துப்போனவனைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் ஒதுக்குவதற்கு மூட்டை ஏது? தீப்பெட்டி ஒட்டினவர்கள், வெடி சுற்றினவர்கள், அச்சாபீஸில் காகிதம் சுமந்தவர்கள். அவர்களிடம் சொந்தமாக இருந்தது ஒரு நாள் பொழுது மட்டும்தான். அதை ஒதுக்கினார்கள். அதற்கு எங்கள் தெருவில் 'நிக்கிறது' என்று பெயர்.

ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் அண்ணாச்சி இந்தக் கதையை மைக்கில் சொல்வார். முதலில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தது. வெந்துபோனவர்களைக் கம்பெனி வண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. அவர்களுக்கு மருந்துச் சீட்டு வாங்கக்கூட ஆள் இல்லை. அன்றைக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருவர் பஸ் ஏறிப்போய் வார்டு வாசலில் நின்றார். மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் போனார். அதற்கு மறுநாள் இன்னொரு வீடு. வெந்தவர்கள் வீடு திரும்புவதற்குள் அது ஒரு முறை ஆகிவிட்டது. பிறகு அதற்கு ஒரு சங்கம், ஒரு நோட்டு, ஒரு கட்டடம். கட்டடத்துக்குள் ஏழு ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. நிறுவியவர்களாம்.

சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்து அம்மாவிடம் கேட்டேன், இந்த ஏழு பேரும் தினமும் வேலைக்குப் போனார்கள் என்றால் பகலில் ஆஸ்பத்திரியில் யார் நின்றது என்று. அம்மா வெடிக்குத் திரி சொருகிக்கொண்டே சொன்னாள்.

"பொம்பளைகதான் நின்னாக. ஆம்பளைக கையெழுத்துப் போட்டாக."

அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். வருத்தப்படுகிற வேலையை எனக்கு விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

நிற்பதற்கு விதிகள் உண்டு. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஒரு வீடு, மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை இன்னொரு வீடு. நிற்கிறவர் வார்டுக்குள் அழக்கூடாது. உடம்பு எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்று நோயாளி காதுபட டாக்டரிடம் கேட்கக்கூடாது. நோயாளி வீட்டார் வாங்கித் தருகிற காப்பியைக்கூடக் குடிக்கக்கூடாது, சொந்தச் சோற்றைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். நோயாளி கேட்டாலும் முகம் பார்க்கிற கண்ணாடி கொடுக்கக்கூடாது. முறை மாற்றும்போது வருகிறவர், "யாரு நின்னது?" என்று கேட்பார். போகிறவர் தன் வீட்டுத் தலைக்கட்டின் பெயரைச் சொல்வார். குடும்பத் தலைவரை நாங்கள் தலைக்கட்டு என்போம். வந்தவர், "நின்னாக" என்று சொல்லி ஏற்றுக்கொள்வார். அதன் பிறகுதான் போகிறவர் படியிறங்கலாம். நின்றதற்கு அந்த ஒரு சொல்தான் ரசீது.

சங்கத்தில் ஒரு தலைக்கட்டு இறந்தாலும் அதே சொல்தான். சிவப்புக் கரை போட்ட வெள்ளைக் கோடித்துணியைத் தலைவர் போர்த்துவார். செயலாளர் பெயரைச் சொல்லி, "சங்கத்துக்கு நின்னவுக" என்பார். எல்லோரும் ஒரே குரலில், "நின்னாக" என்பார்கள். மாலை, மேளம் எல்லாம் அவரவர் வசதி. இந்தத் துணி மட்டும் யாருக்கும் கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. உயிரோடு இருந்த காலத்தில் அடுத்தவருக்காக நின்றார் என்பதற்கு அதுதான் அடையாளம். இதை நான் பழித்துச் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கள் தெரு கண்டுபிடித்த விஷயங்களிலேயே உருப்படியானது அதுதான்.

அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அறை வெடித்தது. நான்கு நாள் இருந்தார். நான்கு நாளும் எட்டு வீடுகள் அவருக்காக நின்றன. ஐந்தாம் நாள் துணி போர்த்தி, பெயர் வாசித்து, "நின்னாக" என்றார்கள். அப்பா சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் முறை இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை போனார். இன்னொரு தடவை தீபாவளி ஆர்டர் நெருக்கடி என்று அம்மாவை அனுப்பினார். ஆக, அப்பா நின்றது ஒரே ஒரு நாள். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்திருந்தால் இன்னும் நின்றிருப்பார்.

அவர் போனதும் எங்கள் வீடு 'அரைவரி வீடு' ஆனது. புருஷன் இல்லாத வீட்டில் ஆண் பிள்ளையும் இல்லை என்றால் அதைப் பாதித் தலைக்கட்டு என்று கணக்கில் வைப்பார்கள். ஆரம்பத்தில் இதை இரக்கப்பட்டுத்தான் செய்திருக்கிறார்கள். சம்பாதிக்கிற ஆள் இல்லாதவளிடம் சங்கத்து வரியை முழுசாக வாங்குவது பாவம், பாதி கொடுத்தால் போதும் என்று யாரோ நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார்கள். அந்த நல்ல மனசு எங்கே போய் முடிந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பாதி வரி என்பது பாதி வீடு ஆனது. பாதி வீடு என்பது பாதி ஆள் ஆனது. கூட்டத்தில் அம்மாவுக்குப் பேச்சு கிடையாது. வீட்டில் விசேஷம் என்றால் சங்கத்துப் பாத்திரத்தில் பாதி வரும், நாற்காலியில் பாதி வரும். செத்தால் கோடித்துணி கிடையாது, ஏனென்றால் துணியைப் பாதியாகக் கிழிக்க முடியாது.

நிற்கிற முறைக்கு மட்டும் பாதி இல்லை. அது முழுசாக வந்தது. பாதி வீடு என்று சொல்லி ஒரு தடவைகூட மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அம்மாவை வீட்டுக்கு அனுப்பி வைத்ததில்லை.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் நின்றாள். வீட்டில் ஒரு வயர் கூடை எப்போதும் தயாராக இருக்கும். அதில் பிளாஸ்க், பனையோலை விசிறி, பழைய நூல் சேலையைக் கிழித்து வெந்நீரில் அலசிக் காயவைத்த துண்டுத் துணிகள். சங்கத்திலிருந்து முறைச் சீட்டு வந்ததும் தூக்குச்சட்டியில் புளிச்சோறு மட்டும் கூடும். தீக்காய வார்டில் படுக்கையில் வாழையிலை விரிப்பார்கள், புண் ஒட்டாமல் இருக்க. இளம் இலையாகப் பார்த்து எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். எந்த நர்ஸ் கோபக்காரி, எந்த நர்ஸ் கோபப்பட்டாலும் ஊசியை மெதுவாகப் போடுவாள் என்பதும் தெரியும். அடுத்த வீட்டுக்காரர்கள் யாருக்காவது அன்றைக்குப் போக முடியவில்லை என்றால் அம்மாவிடம்தான் வருவார்கள். "யக்கா, இன்னைக்கு லோடு இருக்கு, நீங்க கொஞ்சம் நிக்கீகளா?" என்பார்கள். அம்மா கூடையை எடுத்துக்கொள்வாள். திரும்பும்போது அந்த வீட்டு ஆண் பெயரைச் சொல்லிவிட்டு வருவாள்.

செயலாளர் அண்ணாச்சியின் மகனுக்குக் கை இரண்டும் வெந்து கிடந்தபோதும் அம்மா நின்றாள். தன் முறைக்கு ஒரு நாள், அடுத்தவர்கள் முறைக்கு ஐந்து நாள்.

ஒரு தடவை எங்கள் தெருவில் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெண்கள் பக்கம் நின்று அம்மா துணி போர்த்துவதைப் பார்த்திருந்தாள். நடந்துகொண்டே கேட்டாள்.

"எனக்கும் அந்தத் துணி போடுவாகளா பிள்ள?"

நான் சிரித்தேன். "அம்புட்டு நாள் நின்ன ஒனக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறாக?"

"அரைவரி வீட்டுக்குப் போட மாட்டாகன்னு சொல்றாகளே."

"நான் போட வைக்கேன். நீ பேசாம வா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு அப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் வாக்கை நம்பிவிட்டாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்ட பொருட்களை எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும், அதில் இது ஒன்று.

போன புரட்டாசியில் இறந்தாள். நெஞ்சைக் கரிக்கிறது என்று மத்தியானம் படுத்தாள், நான் அச்சாபீஸிலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. தீபாவளிக்கு வெடிக் கம்பெனிகளிலும் காலண்டருக்கு அச்சாபீஸ்களிலும் தலைக்கு மேல் வேலை ஓடுகிற சீசன். அப்படியும் மறுநாள் காலையில் சங்கம் வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், பந்தல் போட்டார்கள், ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள், எங்கெங்கு சொல்லிவிட வேண்டுமோ அங்கெல்லாம் ஆள் அனுப்பினார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவர்கள் இல்லை என்றால் நான் திணறியிருப்பேன். துணி மட்டும் வரவில்லை.

செயலாளர் அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அழுத முகத்தோடு போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, துணி எங்க?"

"தாயி, அது தலைக்கட்டுக்குத்தான் போடுறது. ஒனக்குத் தெரியாததா? முறையின்னு ஒண்ணு இருக்குல்லா."

"ஒங்க மகன் கெடந்தப்ப யாரு நின்னா அண்ணாச்சி?"

அவர் தரையைப் பார்த்தார். "அத மறந்துருவேனா தாயி? நான் இல்லைன்னா சொன்னேன்?"

"அப்ப போடுங்க. நான் அவளுக்குச் சொல்லியிருக்கேன்."

அவர் தலைவரையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். கால் மணி நேரம் பேசினார்கள். வரும்போது அண்ணாச்சியின் முகம் தெளிந்திருந்தது. கையில் மடித்த துணி இருந்தது. "வழி பண்ணியாச்சு தாயி" என்றார். எனக்கு அந்தத் துக்கத்திலும் நெஞ்சு நிறைந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளே ஓடிப்போய் அம்மா காதருகே சொல்லிவிட்டுக்கூட வந்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் ஆறவில்லை.

குளிப்பாட்டி வெளியே கிடத்தினார்கள். தலைவர் துணியைப் போர்த்தினார். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், இனிஷியலோடு. "சங்கத்துக்கு நின்னவுக" என்றார். "நின்னாக" என்றார்கள் எல்லோரும்.

அதுதான் அவர்கள் கண்டுபிடித்த வழி. துணி தலைக்கட்டுக்குத்தான் போகும், தலைக்கட்டு நோட்டில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது, ஆகவே அப்பா பெயரைச் சொல்லிவிட்டு அம்மா மேல் போர்த்திவிட்டால் முறையும் கெடவில்லை, எனக்கும் மனம் கோணாது. இப்படி ஒரு தீர்ப்பு எங்கள் ஆட்களுக்குத்தான் தோன்றும். எழுதி வைத்தது கெடாமல் இருந்தால் போதும், எதிரே கிடப்பது யார் என்று பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் நின்ற மனுஷனுக்கு இரண்டு தடவை "நின்னாக." முப்பது வருஷம் நின்றவளைக் குளிப்பாட்டிக் கிடத்தி வைத்துக்கொண்டு அவள் பெயரை அந்த இடத்தில் ஒருத்தர்கூட உச்சரிக்கவில்லை.

நான் பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தேன். துணியை அம்மா மேலிருந்து எடுத்து நாலாக மடித்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

"இது எங்க அப்பாவுக்கு அப்பயே போட்டாச்சு. அவருக்கு ஒண்ணு போதும்."

ஒப்பாரி நின்றுவிட்டது. எங்கள் தெரு லோடுமேன் அண்ணன் மட்டும், கம்பெனி லாரிகளில் வெடிப் பெட்டி ஏற்றுகிறவர், பாடையின் ஓரத்தில் நின்றவர், மெதுவாகச் சொன்னார்.

"கோவத்துல ஆத்தா மேல கெடந்த துணிய எடுத்துட்டியேத்தா. ஆசப்பட்டாகல்ல."

அந்த ஒரு பேச்சுதான் என்னைக் கொன்றது. மற்றவர்கள் பேசியிருந்தால் பதிலுக்குக் கிழித்திருப்பேன். அம்மா ஆசைப்பட்டது துணிக்குத்தான். எந்தப் பெயரைச் சொல்லிப் போர்த்தினால் என்ன என்று அவள் இருந்திருக்கக்கூடும். அவளுக்குக் கிடைத்ததை நான் பிடுங்கிவிட்டேனோ என்று இருபது நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். துணி வேண்டும் என்றால் ஜவுளிக்கடையில் நானே வாங்கியிருப்பேன். அவள் கேட்டது, நின்றாள் என்று ஊர் ஒரு தடவை சொல்வதை. அதைத்தான் அவர்கள் கொடுக்கவில்லை.

கார்த்திகையில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் விபத்து நடந்தது. மூன்றாவது தெருவில் இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கழுத்தும் இரண்டு கையும் வெந்துவிட்டன. டிவிக்காரர்கள் இரண்டு நாள் வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் டிவிக்காரர்கள் இருந்த வரைக்கும் வந்தார்கள். அதற்கப்புறம் வழக்கம்போல் சங்கம்தான். ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டுக் கதவில் முறைச் சீட்டைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

எடுத்துப் பார்த்தேன். 'முறைச் சீட்டு. தலைக்கட்டு: திரு.' என்று அச்சிட்டிருக்க, அதன் பக்கத்தில் பேனாவால் அப்பாவின் பெயர். இத்தனை வருஷமும் இப்படித்தான் வந்திருக்கிறது. நின்று நின்று கால் வீங்கி வந்தவளின் கையில் இருந்தது எப்போதும் செத்துப்போன புருஷனின் பெயர்.

அதைவிடக் கேவலமான ஒன்று அப்போதுதான் உறைத்தது. அந்தச் சீட்டை அடித்ததே நான்தான். பதினைந்து வருஷமாக நான் வேலை பார்க்கிற அச்சாபீஸில்தான் சங்கத்துச் சீட்டு அடிக்கிறார்கள். கம்ப்யூட்டரில் டைப் செய்து கட்டம் போட்டது நான். அந்தத் 'திரு.'வை என் விரல்தான் அடித்தது. புரூஃப் பார்த்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். ஒரு தடவைகூட, நிற்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், இந்தத் 'திரு.' எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சியை ஏச வாய் திறக்கும்போதெல்லாம் இதுவும் கூடவே ஞாபகம் வருகிறது, ஆனாலும் ஏசாமல் இருக்க முடியவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு சங்கக் கட்டடத்துக்குப் போனேன். அண்ணாச்சி அந்த ஏழு பேர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சங்கடமாக எழுந்தார்.

"வா தாயி, உக்காரு. சீட்டு வந்துச்சா? கோவத்துல வர மாட்டேன்னு சொல்லிருவியோன்னு நெனச்சேன்."

"நான் நிப்பேன் அண்ணாச்சி. வெந்து கெடக்கவ மேல எனக்கு என்ன கோவம்? சீட்டுல மட்டும் எங்க அம்மா பேர எழுதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார்.

"செத்தவுக பேர எப்பிடித் தாயி சீட்டுல எழுதுறது?"

நான் சீட்டை அவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"இது யாரு பேரு அண்ணாச்சி?"

அவர் சீட்டைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அவர் கையாலேயே எழுதிய பெயர். அது ஒரு செத்த மனுஷனின் பெயர் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது என்று சத்தியம் செய்வேன். சட்டைப் பையில் பேனா இருந்தது, அதை எடுக்கவில்லை.

"பொதுக்குழுல வச்சுப் பேசணும் தாயி" என்றார் கடைசியில்.

"பேசுங்க."

என் கைப்பையில் புரூஃப் திருத்துகிற சிவப்புப் பேனா எப்போதும் கிடக்கும். அதை எடுத்துத் 'திரு.'வையும் அப்பாவின் பெயரையும் அடித்துவிட்டு மேலே அம்மாவின் பெயரை எழுதினேன். அவர் தடுக்கவில்லை. நான் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவின் வயர் கூடையோடு வார்டில் இருந்தேன். அந்தப் பெண் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அம்மாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவள், எனக்கும் நல்ல பழக்கம். கை எரிகிறது, விசிறுங்கள் என்றாள். விசிறினேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தோள் கழன்றுவிட்டது. கையை மாற்றினேன், அதுவும் வலித்தது. நிறுத்தினால் அந்தப் பெண் முனக ஆரம்பித்துவிடுவாள். அம்மா இதைப் பன்னிரண்டு மணி நேரம் செய்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, எனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாள்கூடக் கை வலிக்கிறது என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. இந்தக் கையைத்தான் பாதி என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். விசிற விசிற எனக்கு ஆத்திரம்தான் பொங்கிக்கொண்டு வந்தது, ஆனால் வார்டுக்குள் அழக்கூடாது என்பது விதி, அழவில்லை.

மத்தியானம் இலை மாற்றினார்கள். ஊசி போட்டதும் அவள் தூங்கினாள். பழைய நூல் துணியை நனைத்து உதட்டில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். அம்மா கிழித்து அலசி மடித்து வைத்த துணி, இன்னும் ஏழெட்டு மிச்சம் இருந்தது.

ஆறு மணிக்கு அடுத்த முறைக்கு ஆள் வந்தது. லோடுமேன் அண்ணன். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நோயாளி எப்படி இருக்கிறாள், என்ன மருந்து, எப்போது ஊசி எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு வார்டு வாசலில் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"யாரு நின்னது?"

நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரை முன்னால் சேர்க்கவில்லை. சம்சாரம் என்று பின்னாலும் சேர்க்கவில்லை. வெறும் அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். அம்மாவின் சாவு வீட்டில் அப்பாவின் பெயருக்குக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் சொல்லாவிட்டால் படியிறங்குவதில்லை, விடிய விடிய ஆனாலும் அங்கேயே நிற்பது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

"நின்னாக" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல இன்னொரு தடவை சொன்னார். "அவுகதான நின்னாக."

கூடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வார்டைத் தாண்டிய பிறகுதான் அழுதேன்.

பொதுக்குழுவில் இன்னும் பேசவில்லை. தை மாசத்தில் அடுத்த சீட்டு வந்தது, அதிலும் அப்பா பெயர்தான் இருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு அம்மா பெயரை எழுதிக்கொண்டு போய் நின்றேன்.